எட்டு வருட கேப்புக்குப் பிறகு அக்கவுண்ட்ஸ் வேலை: ரெஸ்யூமே, படிப்பு, சம்பளம் பற்றிச் சில கேள்விகள்

நிலுவைப்பட்டியல்

வணக்கம். விவரத்தைச் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன். 2011 முதல் ஜூன் 2018 வரை அக்கவுண்ட்ஸ். முதலில் பேயபிள்ஸ் (சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பில்கள்), கடைசி மூன்று வருடம் மாத முடிவு குளோசிங், குரூப் ரிப்போர்ட்டிங் (குழும நிறுவனங்களின் ஒருங்கிணைந்த கணக்கு). அதன்பின் குடும்பத்தில் பராமரிப்புப் பொறுப்பு. இப்போது அது முடிந்துவிட்டது, முழுநேர வேலைக்குத் தயார்.

வேலைத் தளங்கள் வழியாக மூன்று மாதத்தில் நாற்பது விண்ணப்பம் போட்டேன். அழைப்பு வந்தது இரண்டு. இரண்டுமே "ஏன் இவ்வளவு கேப்?" என்ற கேள்வியைத் தாண்டவில்லை.

1. கேப்பை ரெஸ்யூமேயில் காட்டலாமா, வருடங்களைப் போடாமல் திறமைகளை மட்டும் எழுதலாமா?
2. எதைப் படித்தால் பயன்? சான்றிதழ்கள் நூறு கிடக்கின்றன.
3. பழைய பதவிக்குக் கீழே இறங்கிப் போகலாமா? எவ்வளவு இறங்கலாம்? சம்பளம் கேட்டால் என்ன சொல்வது?
4. பழைய கம்பெனி வேறொன்றோடு இணைந்துவிட்டது, மேனேஜரும் அங்கே இல்லை. ரெஃபரன்ஸுக்கு யாரைக் காட்டுவது?

தேர்வு மேசை

ஆள் எடுக்கிற பக்கத்துல இருந்து முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன்.

மென்பொருளே ரெஸ்யூமேயைத் தூக்கிப் போட்டுடுதுன்னு பரவலா ஒரு நம்பிக்கை. படிவத்துல வர்ற ஆமா/இல்ல கேள்விகள்ல ("இந்தத் தகுதி இருக்கா?", "வேலை செய்ய அனுமதி இருக்கா?") கேட்டதுக்கு மாறா டிக் அடிச்சாதான் பெரும்பாலும் தானா விழும். மத்தபடி பார்க்கிறது மனுஷங்கதான். ஆனா ஒரு இடத்துக்கு 300 பேர் போட்டிருந்தா யாரும் 300-ஐயும் திறக்க மாட்டாங்க. சில இடத்துல கடைசியா வேலை பார்த்த தேதியை வச்சு வரிசைப்படுத்தி மேல இருக்கிற முப்பதைப் பார்ப்பாங்க. உங்க தேதி ஜூன் 2018. பட்டியலோட அடியில கிடக்கும், அதுவரைக்கும் யாரும் இறங்க மாட்டாங்க. நாற்பதுக்கு ரெண்டு வந்ததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அதனால 2018-க்கு அப்புறம் தேதியோட ஏதாவது ஒரு பதிவு ரெஸ்யூமேல இருந்தே ஆகணும். கேப்பையே ஒரு பதிவா போடுங்க. லிங்க்ட்இன்ல 2022-லேர்ந்து அனுபவப் பகுதியிலேயே "கரியர் பிரேக்"னு தனி வகை இருக்கு, அதே மாதிரிதான். தலைப்பு, மாதம்-வருடத்தோட தேதி, கீழே ரெண்டு வரி. அதுக்கு மேல, தனிப் பதிவா, இப்போ செய்யுற ஏதாவது: கோர்ஸ், ஒரு சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ கணக்கு எழுதிக் கொடுக்கிறது, எதுவானாலும். முடிஞ்ச தேதிக்குப் பதிலா "தற்போது வரை"ன்னு ஒரு வரி இருந்தாலே வரிசையில இடம் மாறும்.

வருடமே இல்லாம திறமைகளை மட்டும் அடுக்குற ரெஸ்யூமே வேண்டாம். அதைத் திறந்தவுடனே கண்ணு தேதியைத்தான் தேடும். கிடைக்கலன்னா "எதையோ மறைக்கிறாங்க"ன்னு மூடிட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க.

இதைவிடப் பெரிய தப்பு ரெண்டு. ஒண்ணு, கடைசி வேலையோட முடிவு தேதியை ஒரு வருடம் நீட்டிப் போடுறது. பேக்கிரவுண்ட் செக்ல பழைய கம்பெனிகிட்ட முதல்ல கேக்கிறதே சேர்ந்த தேதியும் விலகின தேதியும்தான். கேப் இருக்குன்னு யாரும் ஆஃபரைத் திரும்ப வாங்குறதில்ல, தேதி ஒத்துப்போகலன்னா வாங்கிடுவாங்க. ரெண்டாவது, இல்லாத ஃப்ரீலான்ஸ். "ஒரு இன்வாய்ஸ் காட்டுங்க"ன்னு கேட்டா அங்கேயே முடிஞ்சது.

போன்ல "ஏன் கேப்?"னு கேட்டா மூணு வாக்கியம், முப்பது வினாடி. என்ன காரணம், அது முடிஞ்சிடுச்சு, இப்போ என்ன செஞ்சிட்டிருக்கேன். மூணாவது வாக்கியத்தை வேலையோட விஷயத்துல கொண்டுபோய் நிறுத்துங்க: "பராமரிப்புக்காக விலகினேன், அந்தப் பொறுப்பு முடிஞ்சிடுச்சு, இப்போ ஐ.எஃப்.ஆர்.எஸ். மாற்றங்களை முடிச்சு ரெக்கன்சிலியேஷனை பவர் குவெரியில செஞ்சிட்டிருக்கேன், உங்க குளோசிங் எத்தனை நாள்ல முடியுது?" (ஐ.எஃப்.ஆர்.எஸ்.ன்னா சர்வதேசக் கணக்கியல் தரங்கள், ரெக்கன்சிலியேஷன்னா ரெண்டு கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்க்கிறது, பவர் குவெரி எக்ஸெல்ல இருக்கிற டேட்டா கருவி.) கேள்வியில முடிச்சா பேச்சு அந்தப் பக்கம் போயிடும். நோய், மருத்துவமனை, குடும்ப விவரம் எதுவும் வேண்டாம். மன்னிப்பு கேக்கிற குரலும் வேண்டாம். நாலாவது நிமிஷமும் கேப்பைப் பத்தியே பேசிட்டிருந்தா, பெரும்பாலும் நீங்கதான் அதை நீட்டிட்டு இருப்பீங்க.

மாதமுடிவு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்னதில் ஒரு சின்ன மாறுபாடு: வெறும் கோர்ஸ் பெயரைப் போட்டால் வரிசையில் மேலே வரலாம், ஆனால் நேர்காணலில் அது பேசாது. பேசப்போவது நீங்களே செய்து வைத்திருக்கும் ஒரு ஃபைல். சான்றிதழ் ஒன்று போதும்.

நீங்கள் விலகிய தேதியை வைத்துப் பார்த்தால் என்னென்ன தவறியிருக்கிறது என்று துல்லியமாகச் சொல்லலாம். ஐ.எஃப்.ஆர்.எஸ். 9 (நிதிக் கருவிகள்), 15 (வருவாய்) இரண்டும் 1 ஜனவரி 2018-ல் நடைமுறைக்கு வந்தவை. பாதி வருடம் பார்த்திருப்பீர்கள், ஆனால் அந்த முதல் வருட இறுதி ஆடிட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். குத்தகைக்கான ஐ.எஃப்.ஆர்.எஸ். 16, 1 ஜனவரி 2019-ல் வந்தது. இது முழுக்க உங்கள் இடைவெளிக்குள் விழுகிறது. குரூப் ரிப்போர்ட்டிங் ஆளிடம் கேட்காமல் விடமாட்டார்கள்.

படித்தால் மட்டும் போதாது, ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். ஐந்து வருட குத்தகை, ஒவ்வொரு வருடக் கடைசியிலும் 1,00,000, வட்டி 8%. முன்பு ஆபரேட்டிங் லீஸ் (வெறும் வாடகைக் குத்தகை) என்றால் வருடம் 1,00,000 வாடகைச் செலவு, அத்தோடு முடிந்தது. இப்போது இன்றைய மதிப்பு 3,99,271. அது குத்தகைக் கடனாகவும் பயன்பாட்டு உரிமைச் சொத்தாகவும் பேலன்ஸ் ஷீட்டில் ஏறும். முதல் வருட வட்டி 31,942, தேய்மானம் 79,854, மொத்தம் 1,11,796. வாடகையைவிட 11,796 கூடுதல். ஐந்து வருடக் கூட்டுத்தொகை பழையபடி 5,00,000-தான், ஆனால் முன்வருடங்களில் பாரம் அதிகம். வாடகை என்ற வரியே மறைந்து வட்டியும் தேய்மானமுமாகப் பிரிவதால் எபிட்டா (வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம்) மட்டும் உயரும். "லாபம் குறைந்தது, எபிட்டா ஏறியது, ஏன்?" என்பது இதற்கென்றே அமைந்த நேர்காணல் கேள்வி.

பிழை வரும் இடம்: பணம் வருடத் தொடக்கத்தில் கட்டுவதாக இருந்தால். இன்றைய மதிப்பைக் கணக்கிடும் எக்ஸெலின் என்.பி.வி. ஃபார்முலா முதல் தொகையை முதல் காலத்தின் கடைசியில் வருவதாகவே எடுத்துக்கொள்ளும். ஐந்து தொகையையும் அதற்குள் போட்டால் கணக்கு தப்பும். முதல் 1,00,000 அன்றே கட்டியாகிவிட்டது, அது கடனில் சேராது. மீதி நான்குக்கு மட்டும் ஃபார்முலா: கடன் 3,31,213, சொத்து அதோடு 1,00,000 சேர்த்து 4,31,213. இந்த இரண்டு எண்ணும் ஏன் வேறுபடுகின்றன என்று சொல்லத் தெரிந்தால் அந்தத் தலைப்பில் அதற்கு மேல் தோண்டமாட்டார்கள். 12 மாதம் அல்லது அதற்குள் முடியும் குத்தகைக்கும் மதிப்புக் குறைந்த பொருளுக்கும் விலக்கு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது ஐ.எஃப்.ஆர்.எஸ். 18. ஏப்ரல் 2024-ல் வெளியானது, 1 ஜனவரி 2027-லோ அதன் பிறகோ தொடங்கும் ஆண்டுகளுக்குக் கட்டாயம், ஐ.ஏ.எஸ். 1 என்ற பழைய கணக்கியல் தரத்துக்குப் பதிலாக வருகிறது. லாப நட்டக் கணக்கின் வரவு செலவுகளை ஆபரேட்டிங், இன்வெஸ்டிங், ஃபைனான்சிங் என்று பிரிக்க வேண்டும், ஆபரேட்டிங் லாபம் என்ற இடைத்தொகை கட்டாயம். நிகர லாபம் மாறாது. முந்தைய வருடத்தையும் அதே வடிவத்தில் திருப்பிக் காட்ட வேண்டும் என்பதால் வேலை 2026-ன் எண்களிலேயே ஆரம்பித்துவிடும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பதினைந்து வருடம் இடைவிடாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் இது புதுசு. பழசையெல்லாம் துரத்திப் பிடிப்பதில் எப்போதும் எட்டு வருடம் பின்னால்தான் நிற்பீர்கள். இங்கே எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். ட்ரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) ஒன்றை எடுத்து ஒவ்வொரு லெட்ஜரும் எந்தப் பிரிவுக்குப் போகும் என்று ஒரு மேப்பிங் ஷீட் செய்யுங்கள். நேர்காணலில் அதைப் பற்றிப் பேசினால் கேப் பின்னுக்குப் போய்விடும்.

எக்ஸெல்: அட்டவணையில் தேடி எடுக்கும் வி-லுக்கப்போடு நின்றிருப்பீர்கள். எக்ஸ்-லுக்கப் 2021 பதிப்பிலும் மைக்ரோசாஃப்ட் 365-லும் இருக்கிறது, 2019-ல் இல்லை. வீட்டில் பழைய பதிப்பு இருந்தால் முதலில் அதைச் சரிபாருங்கள். வி-லுக்கப்பில் நாலாவது இடத்தையே எழுதாமல் விட்டால் தோராயப் பொருத்தம், எக்ஸ்-லுக்கப்பில் சொல்லாவிட்டாலும் துல்லியப் பொருத்தம். ஃபில்டர், யூனிக் இரண்டையும் அரை நாளில் பிடித்துவிடலாம். "ஸ்பில்" என்று பிழை காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் விடை விரிய வேண்டிய செல்களில் வேறு ஏதோ இருக்கிறது, அழித்துவிடுங்கள்.

பவர் குவெரிக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். பயிற்சிக்கு இரண்டு சி.எஸ்.வி. ஃபைல் செய்துகொள்ளுங்கள்: வங்கி ஸ்டேட்மெண்ட் 300 வரி, லெட்ஜர் 300 வரி. வேண்டுமென்றே பத்துப் பன்னிரண்டு பிழைகளை விதையுங்கள். ஒரு தொகை மாறி, ஒரு தேதி மாறி, ஒரு பக்கம் மட்டும் இருக்கும் வங்கிக் கட்டணம். பிறகு இரண்டு அட்டவணைகளை ஒப்பிட்டு இணைக்கும் மெர்ஜில் "லெஃப்ட் ஆன்ட்டி", "ரைட் ஆன்ட்டி" இரண்டையும் ஓட்டுங்கள். இந்தப் பக்கம் மட்டும் இருப்பவை, அந்தப் பக்கம் மட்டும் இருப்பவை தனித்தனியாக விழும். விதைத்த பிழைகள் எத்தனை, பிடிபட்டவை எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்று:

– ஃபைலை ஏற்றியவுடன் "சேஞ்ச்ட் டைப்" என்ற படி தானாகச் சேர்ந்துவிடும். 00123 என்ற வவுச்சர் எண் 123 ஆகிவிடும், மறுபக்கத்தோடு பொருந்தாது. அந்தப் படியை நீக்கி, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்குங்கள்.

– 04/05 என்பது மே 4-ஆ, ஏப்ரல் 5-ஆ? 12 வரை உள்ள நாட்கள் சத்தமில்லாமல் இடம் மாறும், 13 முதல் பிழை காட்டும். பாதித் தேதிகள் மட்டும் பிழையாக வந்தால் காரணம் இதுதான். "யூஸிங் லொகேல்" என்ற தேர்வில் தேதி வகையைச் சொல்லிக் கொடுங்கள்.

– ஒரே தொகை இரண்டு பக்கமும் இரண்டிரண்டு முறை இருந்து, தொகையை மட்டும் வைத்து மெர்ஜ் செய்து விரித்தால் நான்கு வரி வரும். தொகையோடு தேதியையோ எண்ணையோ சேர்த்துப் பொருத்துங்கள்.

எஸ்.ஏ.பி. என்ற நிறுவனக் கணக்கு மென்பொருளில் வேலை பார்த்திருந்தால் ஒரு வார்த்தை. அதன் பழைய பதிப்பான ஈ.சி.சி.க்கான வழக்கமான ஆதரவு 2027 கடைசியோடு முடிகிறது, புதிய பதிப்பான எஸ்/4 ஹானாவுக்கு மாறும் வேலை எங்கும் நடக்கிறது. ஃபைனான்ஸும் கன்ட்ரோலிங்கும் ஒரே "யுனிவர்சல் ஜர்னல்" டேபிளில் வந்துவிட்டன. வெண்டருக்கும் கஸ்டமருக்கும் தனித்தனி மாஸ்டர் திரை போய் "பிசினஸ் பார்ட்னர்" ஒன்றுதான். கணினியில் தொட்டுப் பார்க்க வழியில்லை என்றாலும் இந்த இரண்டு மாற்றத்தையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வாரம் பத்து மணி நேரம் ஒதுக்கினால் இவ்வளவுக்கும் பத்து முதல் பன்னிரண்டு வாரம். எல்லாம் முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், மூன்றாம் வாரத்திலிருந்தே போடுங்கள்.

இடைக்கால மேசை

மூன்றும் நான்கும் என் பங்கு.

வேலைத் தளத்தை அடியோடு விடச் சொல்லவில்லை, ஆனால் நாலில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் அதற்குப் போகக் கூடாது. கேப் இருப்பவருக்குத் திறக்கும் கதவுகள் வேறு. பிரசவ விடுப்பில் போகிறவரின் இடத்துக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஆள் தேடுவார்கள். வருட முடிவுக்கும் ஆடிட் சமயத்துக்கும் இரண்டு மூன்று மாத ஒப்பந்தம் வரும். "நாளை மறுநாள் வந்து குளோசிங்கில் உட்கார முடியுமா?" என்பதுதான் அங்கே கேள்வி. கேப்பைக் கிளற அவர்களுக்கு நேரமிருக்காது. ஒரு குளோசிங் முடித்தால் ரெஸ்யூமேயின் முதல் வரி மாறிவிடும். இந்த இடங்களுக்கு வருட முடிவுக்கு மூன்று மாதம் முன்பே ஏஜென்சிகளிடம் பெயர் கொடுக்க வேண்டும், கடைசி மாதத்தில் போனால் இடம் நிரம்பியிருக்கும்.

"ரிட்டர்ன்ஷிப்" என்றொரு ஏற்பாடும் உண்டு. கோல்ட்மன் சாக்ஸ் 2008-ல் அந்தப் பெயரில் தொடங்கியது, பிறகு பல பெரிய நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. நீண்ட இடைவெளி விட்டவர்களுக்கென்றே, சில மாதங்களுக்குச் சம்பளத்தோடு. சேருமுன் மூன்று விஷயம் கேளுங்கள்: முடிவில் நிரந்தர இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, போன தடவை சேர்ந்தவர்களில் எத்தனை பேரை வைத்துக்கொண்டார்கள், எந்த மேனேஜரின் கீழ் என்ன வேலை. மூன்றுக்கும் மழுப்பலாகப் பதில் வந்தால் அதைப் பயிற்சி வகுப்பாக மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். பயிற்சிக் கட்டணம், வைப்புத்தொகை என்று உங்களிடமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பதவியில் ஒரு படி இறங்கலாம். குளோசிங் பார்த்தவர் சீனியர் அக்கவுண்டண்டாகப் போவதில் தப்பில்லை. இரண்டு படி இறங்கி மறுபடி பேயபிள்ஸ் என்ட்ரிக்குப் போகாதீர்கள். அங்கே "சீக்கிரம் ஓடிப்போவார்" என்று எடுக்கத் தயங்குவார்கள், எடுத்தாலும் அடுத்த நேர்காணலில் அதுதான் உங்கள் தற்போதைய பதவி. ஒரு படி இறங்கினாலும் ஆறு மாதத்தில் பதவியும் சம்பளமும் மறுபரிசீலனை என்ற வரியை ஆஃபர் கடிதத்திலேயே கேளுங்கள். வாயால் சொன்னது மேனேஜர் மாறினால் போய்விடும்.

சம்பளம்: 2018-ல் வாங்கியதை அளவுகோலாக வைக்காதீர்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், கூடவே "எட்டு வருடத்துக்கு முந்தைய எண், இந்தப் பதவிக்கு இன்று என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு முன் இதே பதவிக்கான ஐந்தாறு விளம்பரங்களில் போட்டிருக்கும் வரம்பைக் குறித்து வைத்துக்கொண்டு, நடுவில் நில்லுங்கள். கேப் இருக்கிறதே என்று நீங்களாகவே அடிமட்டத்தைச் சொன்னால் அடுத்த சில வருட உயர்வெல்லாம் அந்த அடிமட்டத்தின் மேல்தான் ஏறும்.

ரெஃபரன்ஸுக்குக் கம்பெனி வேண்டாம், ஆள் போதும். பழைய மேனேஜர் எங்கே போனாலும் உங்கள் வேலையைப் பார்த்தவர் அவர்தான். அவர் கிடைக்காவிட்டால் அப்போது வந்துபோன எக்ஸ்டர்னல் ஆடிட்டர், கூட வேலை பார்த்த சீனியர். "ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பிக்காமல் நினைவுபடுத்துங்கள்: எந்த வருடம், எந்த குளோசிங், என்ன செய்தீர்கள், எந்த மாதிரிப் பதவிக்கு இப்போது போகிறீர்கள். தேதிச் சான்று தனி விஷயம். இணைந்துபோன கம்பெனியின் ஊழியர் பதிவுகள் பெரும்பாலும் புதுக் கம்பெனியின் எச்.ஆருக்கு மாறியிருக்கும். பழைய ஊழியர் எண்ணோடு இப்போதே எழுதிக் கேளுங்கள். ஆஃபர் வந்தபின் கேட்டால் பதில் வருவதற்குள் சேரும் தேதி தாண்டிவிடும். வராவிட்டால் முதல், கடைசி மாத சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், வரிப் படிவம் மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

நிலுவைப்பட்டியல்

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். நேர்காணலில் எக்ஸெல் டெஸ்ட் ஒரு மணி நேரம் என்கிறார்கள், அதில் என்ன பார்ப்பார்கள்? இன்னொன்று, கேப் பதிவை இப்படி எழுதியிருக்கிறேன், சரியா:

"கரியர் பிரேக் (2018–2026). தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலையால் வேலையிலிருந்து விலக நேர்ந்தது. தற்போது மீண்டும் பணியில் சேர மிகுந்த ஆர்வமாக உள்ளேன், விரைவில் கற்றுக்கொள்ளும் திறன் உண்டு."

மாதமுடிவு

டெஸ்டில் பெரும்பாலும் அழுக்கான ஒரு டேட்டாவைக் கொடுத்து, சுத்தம் செய்து, பிவட் (தொகுப்பு அட்டவணை) போட்டு, எங்கே இடிக்கிறது என்று கேட்பார்கள். வேகமாக ஃபார்முலா அடிப்பதைவிட முதல் ஐந்து நிமிடத்தில் வரிகளை எண்ணி, மொத்தத் தொகையை ஓர் ஓரத்தில் குறித்து வையுங்கள். முடிவில் அதே மொத்தம் வருகிறதா என்று ஒரு செக் செல் வையுங்கள். திருத்துபவர் முதலில் தேடுவது அதைத்தான். ஸ்பேஸ் போகவில்லை என்றால் அதை நீக்கும் ட்ரிம் ஃபார்முலாவைக் குறை சொல்லாதீர்கள். இணையத்திலிருந்து ஒட்டிய டேட்டாவில் 160 என்ற எழுத்து எண்ணில் வேறு வகை ஸ்பேஸ் இருக்கும், ட்ரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிட்யூட் வைத்து எடுக்க வேண்டும்.

தேர்வு மேசை

பதிவுல "தவிர்க்க முடியாத", "நேர்ந்தது" ரெண்டையும் எடுத்துடுங்க, யாரும் குற்றம் சொல்லாத இடத்துல எதுக்கு வக்காலத்து. "மிகுந்த ஆர்வம்", "விரைவில் கற்கும் திறன்" எல்லா ரெஸ்யூமேலயும் இருக்கு, படிக்கிற கண்ணு தாண்டிப் போயிடும். தேதியில மாதம் வேணும், வெறும் வருடம் போட்டா கேப் இன்னும் நீளமாத் தெரியும். இப்படி வைங்க, ஃபைல் மூணும் முடிஞ்சப்புறம்:

"கரியர் பிரேக், குடும்பப் பராமரிப்பு (ஜூலை 2018 – மார்ச் 2026). பொறுப்பு நிறைவடைந்தது, முழுநேரப் பணிக்குத் தயார். ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 குத்தகைக் கணக்கீடு, ஐ.எஃப்.ஆர்.எஸ். 18 மேப்பிங், பவர் குவெரி வழி வங்கி ரெக்கன்சிலியேஷன்: மாதிரிக் கோப்புகள் கேட்டால் தரப்படும்."

மார்ச்னு நான் போட்டது சும்மா, உங்க மாதத்தை மாத்திக்கங்க. "கேட்டால் தரப்படும்"னு எழுதிட்டு, கேட்டப்போ ஃபைல் திறக்கலன்னா வம்பு. சி.எஸ்.வி.யையும் எக்ஸெலையும் ஒரே ஃபோல்டர்ல வச்சு வேற கம்ப்யூட்டர்ல ஒரு தடவை திறந்து ரிஃப்ரெஷ் அடிச்சுப் பாருங்க. பவர் குவெரி உங்க கம்ப்யூட்டரோட ஃபோல்டர் பாதையை ஞாபகம் வச்சிருக்கும், அங்கே போனா "ஃபைல் கிடைக்கல"ன்னுதான் சொல்லும்.